பொறுத்துக்கொள்ளாதே, தம்பி

நீ வெளிநாடு கிளம்புகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது புதிதில்லை. நம் பாட்டன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, உடம்பைச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். இப்போது சவூதி, கத்தார், துபாய், சிங்கப்பூர் என்று திசை மாறியிருக்கிறது. உடம்பைக் காட்டித்தான் உள்ளே போகவேண்டும் என்பது மாறவில்லை.

வளைகுடாவின் கட்டுமானத் தளங்களில், முதலுதவி அறையில் நர்ஸாகவே என் வாலிபம் கழிந்தது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் காயம் கட்டியிருக்கிறேன். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரே தவறைத்தான். உடம்பில் என்ன செய்கிறது என்று வாய்திறந்து சொல்லமாட்டார்கள். மழை பொய்த்தாலும் கிணறு வற்றினாலும் பொறுத்துக்கொண்டு வளர்ந்த கூட்டம் நாம். அந்தப் பொறுமை இந்த மண்ணில் நம்மைக் காப்பாற்றியது. அந்த மண்ணில் அதுவே ஆளைக் கொன்றுவிடும். நான் சொல்லப்போவதில் பாதிக்குமேல் இதைப் பற்றித்தான்.

1. கடன் வாங்கும் முன் நெஞ்சைப் படம் எடு.

ஏஜென்டுக்கு முன்பணம் கட்டி, நகையை அடகு வைத்து, பயணச்செலவுக்கு வட்டிக்கு வாங்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் நம் ஆட்கள் மெடிக்கலுக்குப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலை ஊரில் இன்னமும் ‘காம்கா’ என்றே சொல்கிறார்கள். இப்போது அதன் பெயர் வாஃபித். இணையத்தில் பதிந்து, அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போகவேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி, மஞ்சள்காமாலையில் பி, சி வகைகள், மேகநோய், மலேரியா எல்லாம் பார்ப்பார்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகள் சிக்குவது எக்ஸ்ரேயில். சின்ன வயதில் டிபி வந்து, மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமாகியிருந்தாலும், நுரையீரலில் மிஞ்சிய பழைய தழும்பு படத்தில் தெரியும். தழும்பு தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடலாம். ஒரு நாட்டுக்கு அன்ஃபிட் என்றால் அந்தப் பதிவு மற்ற வளைகுடா நாடுகளுக்கும் போய்விடும். நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பையன், அம்மாவின் தாலிச்சங்கிலி அடகில் இருக்கும்போது இந்தச் சொல்லைக் கேட்டான். அவனுக்கு நோயே இல்லை. ஆனால் வட்டி ஓடத் தொடங்கியிருந்தது.

அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. எக்ஸ்ரே, ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்துக்கொள். இன்னும் விரிவாகப் பார்க்கவேண்டுமென்றால் விருதுநகரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் அழாதே. டிபிக்கு அரசு மருந்து இலவசம். குணமாக வழி உண்டு. பணம் கைமாறும் முன் உண்மை தெரிந்தால் குடும்பம் தப்பிக்கும்.

2. சோதனையில் பொய் சொல்லாதே.

முந்தின ராத்திரி அடுத்தவன் பிரஷர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனவனைத் தெரியும். வேறொருவன் மூத்திரத்தைப் பாட்டிலில் கொண்டுபோனவனையும் தெரியும். இங்கே தப்பித்தாலும், போய் இறங்கியதும் அங்கே மறுபடி சோதிப்பார்கள். அதில் தேறினால்தான் தங்கும் அனுமதி கிடைக்கும். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அங்கேயும் தப்பித்துவிடுவது. நான் இருந்த ஒரு தளத்தில் வெல்டர் ஒருவனுக்கு வலிப்பு நோய் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் மாத்திரை வைத்து ரகசியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்துபோனது. புதிதாக வாங்க வேண்டுமானால் நோயைச் சொல்லவேண்டும். சொல்லவில்லை. சாரத்தின் மேல் நிற்கும்போது வலிப்பு வந்தது. பக்கத்திலிருந்தவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பினான். முன்பே சொல்லியிருந்தால் தரையில் நின்று செய்யும் வேலையை வாங்கிக் கொடுத்திருக்கலாம். நீ மறைத்த நோய்க்கு எந்த டாக்டராலும் மருந்து எழுத முடியாது.

3. ஊரில் முடிகிற வைத்தியத்தை ஊரில் முடித்துவிடு.

சொத்தைப் பல், மூலம், குடலிறக்கம், கண்ணாடி. இந்த நான்கையும் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். பல்லுக்குப் பெரும்பாலான கம்பெனிக் காப்பீடுகள் பணம் தராது. ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து ஆட்களில் பலருக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கும். எப்போதாவது விலாவில் வலி வந்திருந்தால் ஸ்கேன் பார்த்துவிட்டுப் போ. வெயிலில் தண்ணீர் குறையும்போது அந்தக் கல் சும்மா இருக்காது.

தடுப்பூசியையும் இப்போதே தொடங்கு. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று உனக்கு நினைவிருக்காது, ஒன்று போட்டுக்கொள். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி நம் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்தது 2011-ல்தான். உன் வயதுக்காரர்கள் பலருக்கு அது கிடைத்திருக்காது. மூன்று தவணை, முடிக்க ஆறு மாதம் ஆகும். கிளம்புவதற்கு முதல்நாள் போய்க் கேட்கிற காரியமில்லை அது. அம்மை வராதவன் என்றால் டாக்டரிடம் அதையும் சொல். ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிற கேம்ப்பில் ஒருவனுக்குச் சின்னம்மை வந்தால் அறையே படுக்கும். ஆப்பிரிக்கப் பக்கம் வேலை என்றால் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். அதைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

4. அடுத்தவர் பொட்டலத்தை வாங்காதே. உன் பொட்டலத்தையும் பார்த்துக் கட்டு.

அம்மா மசாலா சாமான் கட்டும்போது பக்கத்தில் உட்கார். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை அது. ஒரு கைப்பிடி கசகசாவுக்காக விமான நிலையத்திலிருந்தே சிறைக்குப் போனவர்கள் உண்டு. மருந்திலும் அப்படித்தான். இங்கே இடுப்புவலிக்குச் சாதாரணமாக எழுதிக்கொடுக்கிற டிரமடால், நரம்புவலிக்குத் தருகிற பிரீகாபலின், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

நம் ஊர் மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பார்கள். கத்தரித்த துண்டில் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. அந்தத் துண்டைச் சுங்க அதிகாரி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது நீ என்ன சொல்வாய்? முழு அட்டையாக வாங்கு. கடை ரசீதை வைத்துக்கொள். டாக்டரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கு. அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும், உன் நோயின் பெயரும், எத்தனை வேளை என்பதும் இருக்கட்டும். மருந்தைக் கைப்பையில் வை.

பக்கத்து வீட்டு அக்கா தன் புருஷனுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஒரு பொட்டலம் நீட்டுவாள். பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. பிரிக்கக் கூச்சமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. முகதாட்சண்யத்துக்காக ஜெயிலுக்குப் போகவேண்டியதில்லை.

5. அந்த வெயில் நம் வெயில் இல்லை.

‘திருச்சுழி வெயிலையே பார்த்தாச்சு, அந்த வெயில் என்ன செய்யும்’ என்று சொல்லாத ஆளே இல்லை. கவனமாகக் கேள். நம் ஊரில் காய்கிற வெயில். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவனுக்குக்கூட வேர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வளைகுடாக் கடற்கரையில் ஆகஸ்ட் மாதக் காற்றில் கடலின் ஈரம் நிறைந்திருக்கும். வேர்வை வழியும், காயாது. சூடு உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். வெயிலில் பழகியவன் என்ற நம்பிக்கையே உன்னைக் கவிழ்த்துவிடும்.

ஒரு நாள் பிற்பகலில் கம்பி கட்டுகிற பையன் ஒருவனை என் அறைக்குக் கூட்டிவந்தார்கள். கமுதிப் பக்கத்துப் பையன். வலது கையில் குறடு. அதைக் கீழே வைக்கச் சொன்னேன். வைக்க முடியவில்லை. விரல்கள் அதைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். ‘ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டிவந்த நண்பனைப் பார்த்து யார் இது என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்தால் மூளைக்குச் சூடு ஏறிவிட்டது என்று பொருள். சட்டையைக் கத்தரித்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது சொன்னான், காலையிலிருந்தே தலை சுற்றியதாம். சொன்னால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று சொல்லவில்லையாம்.

போன புதிதில்தான் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். புது வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். முதல் நாளே பழைய ஆளுக்குச் சமமாக வேலை செய்து பெயர் வாங்க நினைக்காதே. லீவு முடிந்து திரும்பும்போதும் இதே கணக்குத்தான். பழகிய உடம்பு ஊருக்கு வந்து போனால் மறந்திருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடி. மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள். வெயிலிலும் தண்ணீர்க் குறைவிலும் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு நேபாளம் திரும்பிய இளைஞர்கள் சிலர் முப்பது வயதில் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறார்கள். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கோடையில் நண்பகல் வெளிவேலையை அந்த நாடுகளே தடைசெய்திருக்கின்றன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை. சவூதியில் அதே மாதங்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்திலிருந்து மூன்றரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றிலிருந்து நான்கு. இந்த நேரத்தில் நிழலில் உட்காருவது சட்டம் உனக்குக் கொடுத்த உரிமை. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

6. சொல்லத் தெரிந்துகொள்.

போர்மேன் மலையாளியாக இருக்கலாம், பாகிஸ்தானியாக இருக்கலாம், எகிப்துக்காரனாக இருக்கலாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சு முட்டுகிறது, வாந்தி, ரத்தம், ஆஸ்பத்திரி. இவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகிக்கொண்டு போ. ஆம்புலன்ஸுக்குச் சவூதியில் 997, அமீரகத்தில் 998, கத்தாரில் 999, குவைத்தில் 112, சிங்கப்பூரில் 995. 108-ஐ அங்கே அடித்துப் பயனில்லை. உன் அறையில் இருக்கிறவர்களுக்கு உன் ரத்த வகையும், எந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அவர்களுடையதை நீயும் கேட்டு வைத்துக்கொள். வெளிநாட்டில் உனக்கு அவர்கள்தான் பங்காளிகள்.

7. காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்கு.

உன் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருந்தால், அதாவது பத்தாம் வகுப்பு முடிக்காமல் போகிறாய் என்றால், வளைகுடாவுக்குக் கிளம்பும் முன் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். 2003-லிருந்து நடக்கிற திட்டம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், மேலே வரி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து லட்சம் கிடைக்கும். இது நிறையப் பேருக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. ஏஜென்ட் அலுவலக அலமாரியிலேயே தாள் கிடக்கும். அதை வாங்கி, வாரிசாக யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அம்மா கையில் கொடு. பத்தாவது முடித்தவர்களுக்கு இது கட்டாயமில்லை. அவர்கள் தாங்களாகவே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிந்துகொள்.

அங்கே உன் வைத்தியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டவேண்டியது முதலாளி. அமீரகத்தில் 2025 ஜனவரியிலிருந்து எல்லா மாநிலங்களிலும் இது கட்டாயம். சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் வேலை அனுமதியில் இருப்பவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். போன முதல் மாதமே அட்டையைக் கேள். எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று கேள். நோய் வந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். அட்டையும் தரவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை என்றால் இந்தியத் தூதரகம் இருக்கிறது. கையில் காசில்லாதவர்களுக்கு அவசர வைத்தியம் பார்க்கவும் ஊருக்கு அனுப்பவும் 2009-லிருந்து அங்கே ஒரு நலநிதியே இருக்கிறது. கேட்பது பிச்சை இல்லை.

8. வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பாதே.

மிச்சம் பிடிப்பதற்காக மூன்று வேளையும் குபூஸ் ரொட்டியும் தயிருமாகத் தின்று ரத்தம் வற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பருப்பும் முட்டையும் காயும் விலை குறைவுதான். நாலு பேர் சேர்ந்து சமைத்தால் இன்னும் குறையும். தூக்கத்தையும் விற்காதே. ஓவர்டைம் கிடைக்கிறதே என்று உடம்பு கேட்கிற நேரத்தையெல்லாம் கொடுத்துவிட்டால், இயந்திரத்துக்கு முன்னால் கண் சொருகும். திருட்டுச் சாராயம் பக்கம் போகாதே. அதில் கண் போனவனை நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்கவேண்டாம்.

9. மனசுக்கும் வைத்தியம் உண்டு.

முதல் பொங்கல் கஷ்டமாக இருக்கும். வேலையில்லாத வெள்ளிக்கிழமை மத்தியானங்கள் கஷ்டமாக இருக்கும். அது எல்லோருக்கும் வருவது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போனால் என்ன என்று தோன்றுகிறது என்றால் அது நோய். காய்ச்சலுக்கு வருவதுபோல முதலுதவி அறைக்கு வந்து சொல். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தால், நீ போய் உட்கார். சோகம் பெரும்பாலும் கடன் வடிவத்தில்தான் வரும். தரவேண்டிய தொகையைக் கேட்டுத் தினமும் ஊரிலிருந்து போன் வந்துகொண்டிருக்கும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாமல் வீட்டில் மனம்விட்டுப் பேசி ஒரு தவணைக்கு வழி செய்துகொள். வழி தெரியாமல் தவிக்கும்போது வீட்டிலிருந்து 1800 11 3090 என்ற எண்ணைக் கூப்பிடச் சொல். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக நம் மத்திய அரசு நடத்தும் உதவி மையம் அது. அந்த எண்ணை உன் வீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போ. உனக்கு ஒன்று என்றால் இங்கிருந்து கூப்பிடுவார்கள்.

10. வீட்டிலும் யாரும் மறைக்கவேண்டாம்.

நீ அங்கே காய்ச்சலில் படுத்திருப்பாய். போனில் ‘நல்லா இருக்கேம்மா’ என்பாய். அம்மா இங்கே சர்க்கரைப் புண்ணோடு நொண்டிக்கொண்டிருப்பாள், ‘எனக்கென்னப்பா’ என்பாள். இரண்டு பேரும் அன்பினால் பொய் சொல்வீர்கள். அப்படிப் பொய் சொல்லிச் சொல்லியே, கால் எடுக்கிற நிலை வந்த பிறகு மகனுக்குத் தகவல் போன குடும்பத்தை நான் அறிவேன். விமானச் சீட்டு கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. கிளம்பும் முன் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: உடம்பைப் பற்றி மட்டும் உண்மையே பேசுவது என்று.

அப்பா அம்மாவுக்கு இப்போதே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த இரண்டுக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை வைத்தியம் உண்டு. அட்டை இல்லையென்றால் நீ இருக்கும்போதே வாங்கிக்கொடு. நீ போன பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு அலைய ஆள் இருக்காது. நீ பெட்டி கட்டுவதற்கு முன்னால் அம்மாவின் பெயர் அந்த மாத்திரைப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். இந்த வாரத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி அவளைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி.